ஜீப்பை உயர்த்தும் முன் மண்ணைப் பாருங்கள்

விவசாயிகள் கூட்டத்தில் விதை, உரம், பூச்சி என்று கேள்விகள் முடிந்து தேநீர் வரும் நேரத்தில், இப்போதெல்லாம் வேறொரு கேள்வியும் வருகிறது. "சார், தோட்டத்துக்குப் போக ஜீப் எடுத்திருக்கேன். மூணு இன்ச் தூக்கிப் பெரிய டயர் போடலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். சொந்த நிலத்தில் இறங்கியவர்கள் அல்லது வெளியூர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் தோட்டத்துக்குத் திரும்பியவர்கள். வண்டிமேல் அவர்களுக்கு இருக்கும் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் மாட்டுக்குக் கொம்பு சீவி, சலங்கை கட்டியவர்களின் பேரன்கள்தானே.

நான் மெக்கானிக் அல்ல, உழவியல் படித்தவன். ஆனால், இந்தக் கேள்வியில் பாதி மண்ணைப் பற்றியது. டயர் கடையில் அந்தப் பாதியை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்குப் போய்வரும் பெரும்பாலான வண்டிகளுக்கு உயர்த்தும் கிட் தேவையில்லை. டயரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும், காற்றை அளந்து வைக்கும் பழக்கமும், பாதையில் சில லோடு சரளையும் போதும். கிட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இவை மூன்றையும் செய்துவிடலாம்.

எது உயர்கிறது, எது உயரவில்லை?

"மூன்று இன்ச் உயர்த்துகிறோம்" என்று சொல்லும்போது எது உயர்கிறது என்று கேளுங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று, சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டைகளை வைத்துப் பாடியை மட்டும் தூக்குவது. இதில் சேசிஸ், எஞ்சின், ஆக்சில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். மற்றொன்று, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி, சேசிஸையே உயர்த்துவது. இதில் வண்டியின் வயிறு உயரும். வரப்பை, பாறையை நடுவில் வைத்துக் கடக்கும்போது அடியில் தட்டாமல் இருக்க இது உதவும்.

ஆனால், பின் ஆக்சிலின் நடுவில் குடம்போல உப்பியிருக்கிறதே டிஃபரன்ஷியல், அது இந்த இரண்டு வகையிலும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ஆக்சில் சக்கரத்தோடு இருப்பது. அது உயர வேண்டுமென்றால் டயரின் விட்டம்தான் கூட வேண்டும். அப்போதும் கூடுகிற விட்டத்தில் பாதிதான் கிடைக்கும்.

நம் ஊர்ப் பாதைகளில் வண்டி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் எங்கே? கரும்பு லோடு, நெல் லோடு ஏற்றிய டிரெய்லர்கள் மழைநாளில் போய்ப் போய், இரண்டு பக்கமும் ஆழமான தடம் விழுந்திருக்கும். நடுவில் மேடு நிற்கும். அந்த மேட்டில் முதலில் உட்காருவது டிஃபரன்ஷியல்தான். அதாவது, எந்த இடத்துக்காக உயர்த்த நினைக்கிறீர்களோ அந்த இடத்தில் ஸ்பிரிங் கிட் உங்களுக்கு எதுவும் தருவதில்லை.

டயர் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். பொலீரோவில் வரும் 215/75 ஆர்15 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் அளவு, இன்ச்சில். பக்கச்சுவர் 161 மி.மீ. வருகிறது. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவில் 381 மி.மீ. ரிம். மொத்த விட்டம் சுமார் 703 மி.மீ.

இதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 733 மி.மீ. ஆகும். கூடியது 30 மி.மீ., டிஃபரன்ஷியல் உயர்வது 15 மி.மீ. பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும் 31 இன்ச் டயர் போட்டால் விட்டம் 787 மி.மீ. உயர்வது 42 மி.மீ. நான்கு விரல் அகலம்கூட இல்லை.

அந்த 42 மில்லிமீட்டருக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்? விட்டம் 12 சதவீதம் கூடியதால், எஞ்சினின் அதே முறுக்குவிசைக்குத் தரையில் கிடைக்கும் இழுவை சுமார் 11 சதவீதம் குறையும். பிரேக்கும் அப்படியே. அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்பு அதே அளவு குறைகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மிளகு மூட்டையோடு இறங்குகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 67-ல் போய்க்கொண்டிருக்கும். ஏற்றத்தில் கியர் இழுக்காது, கிளட்சைப் பாதியில் பிடித்து ஏற்றுவீர்கள், கிளட்ச் தட்டு தேயும். ஸ்பிரிங்கையும் சேர்த்து உயர்த்தியிருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி, ஜாயிண்ட் கிராஸ்கள் சீக்கிரம் சத்தம் போடத் தொடங்கும். ஸ்டியரிங்கும் தானாக நேருக்குத் திரும்பும் குணத்தை இழக்கும். நல்ல மெக்கானிக் இவற்றில் சிலவற்றைச் சரிக்கட்ட முடியும். அதற்கும் பணம்.

ஆட்களை ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது

போடி, கம்பம், தேவாரம் பகுதிகளிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்கள் போவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆட்களை ஏற்றும் வண்டியை உயர்த்துவதைப் பற்றி என்னிடம் கேட்டால், நான் யோசிக்காமல் வேண்டாம் என்பேன்.

காரணம் எளிய கணக்கு. இடது வலது சக்கரங்களின் இடைவெளி 145 செ.மீ. என்றும், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் இந்த வண்டி கவிழ, 46 டிகிரி சாய வேண்டும். ஸ்பிரிங், டயர் இரண்டையும் உயர்த்தி எடை மையம் 80 செ.மீ. ஆனால் 42 டிகிரி. அதன்பின் உள்ளே பெஞ்சில் ஆட்கள், மேலே கேரியரில் மூட்டை என்று ஏற்றி மையம் 100 செ.மீ. ஆனால் 36 டிகிரி. இது அசையாத மரப்பெட்டிக்கான கணக்கு. ஓடும் வண்டியில் ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்கும், டயர் நெளியும், ஆட்கள் ஒரு பக்கமாகச் சாய்வார்கள், வளைவில் வெளிப்பக்கம் தள்ளும். கவிழும் கோணம் இதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். மலைப்பாதையில் ஒரு பக்கச் சக்கரம் 30 செ.மீ. பள்ளத்தில் இறங்கினாலே வண்டி சுமார் 12 டிகிரி சாய்ந்துவிடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆட்களை ஏற்றிய வண்டி ஒன்று உருண்டால், முதலில் வருவது காப்பீட்டு நிறுவனத்தின் கேள்வி. பதிவுச் சான்றில் இருக்கும் வண்டியும் பள்ளத்தில் கிடக்கும் வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உயரம் அல்ல, அமிழ்வதுதான் பிரச்சினை

இனி என் துறைக்கு வருகிறேன். ஈர மண்ணில் வண்டி 10 செ.மீ. அமிழ்ந்தால், அடியில் இருந்த இடைவெளியில் 10 செ.மீ. போய்விட்டது என்று பொருள். 31 இன்ச் டயர் கொடுத்த 4 செ.மீ. எங்கே, மண் எடுத்துக்கொண்ட 10 செ.மீ. எங்கே? எனவே, வண்டி அமிழாமல் பார்த்துக்கொள்வதே உயரத்தைக் காப்பாற்றும் மலிவான வழி.

அமிழ்வதை முதலில் தீர்மானிப்பது டயரில் இருக்கும் காற்று. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதன் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே. பக்கச்சுவரின் விறைப்பால் கொஞ்சம் கூடும். ஆட்களோடு 2,000 கிலோ எடையுள்ள ஜீப்பில் ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது ஒரு சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ. தரையைத் தொடும் பரப்பு சுமார் 220 சதுர செ.மீ., அதாவது 15 செ.மீ.க்கு 15 செ.மீ. சதுரம். காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் பரப்பு 355 சதுர செ.மீ. ஆகிறது. அகலம் பெரிதாகக் கூடாது. நீளம்தான் 15-லிருந்து 24 செ.மீ. ஆகும்.

நீளம் கூடுவது நமக்கு நல்லது. அகலமான டயர் முன்னால் இருக்கும் சேற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நீளமான தடம், ஏற்கெனவே அழுத்திய இடத்தின் மீதே உருள்கிறது. நம் பழைய கட்டை வண்டிக்கு அவ்வளவு உயரமான சக்கரம் வைத்த ஆசாரிகளுக்கு இந்த நுட்பம் தெரிந்திருந்தது. பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் தாண்டும், தரையில் நீளமாகப் பதியும். பிறகு வந்த டயர் வண்டிச் சக்கரம் உயரத்தில் சிறியது. ஆனால், காற்றடைத்த அகலமான டயர் அந்தக் குறையை ஈடுகட்டியது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. "டிராக்டரே போகிற நிலம், என் ஜீப் போனால் என்ன?" என்று கேட்பார்கள். இரண்டின் எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால், 13.6-28 பின்டயர் போட்ட டிராக்டர் வயலில் 12 முதல் 16 பி.எஸ்.ஐ. காற்றில் ஓடுகிறது. அதாவது, சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ. சாலைக்கான காற்றோடு வயலில் இறங்கும் ஜீப், அதைவிட இரண்டு மடங்கு அழுத்துகிறது. சிறிய வண்டி என்பதால் மண்ணுக்குச் சின்னப் பாரம் என்று நினைத்துவிடக் கூடாது. உரமூட்டை ஏற்றிய பிக்கப் என்றால் பின்டயரில் இதைவிட அதிகக் காற்று இருக்கும். அதைப் பாரத்தோடு இறக்கவும் முடியாது. ஆகவே, பிக்கப்பைப் பாதையிலேயே நிறுத்திவிடுங்கள்.

டெல்டா விவசாயிகளுக்கு இந்தத் தத்துவத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் காயாத வயலுக்கு டயர் வைத்த அறுவடை இயந்திரத்தை விட்டுவிட்டு, வாடகை கூடுதல் என்று தெரிந்தும் செயின் வண்டியைத்தான் கூப்பிடுகிறார்கள். பாரம் பரவினால் அமிழாது என்பது அவர்களுக்குக் கைவந்த பாடம். ஜீப் வாங்கும்போது மட்டும் அது ஏனோ மறந்துபோகிறது.

காற்றை இறக்குவதில் சில கட்டுப்பாடுகள் உண்டு. அளவுமானி இல்லாமல் கண்மதிப்பில் இறக்காதீர்கள். 18 முதல் 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும் ஆபத்து தொடங்குகிறது. இறக்கிய காற்றோடு தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கலாம். பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். தார்ச்சாலை ஏறும் முன் பழைய அளவுக்கு நிரப்பிவிட்டுப் போங்கள். பத்து நிமிட வேலை. சோம்பல்படுகிறவர்கள் காற்றை இறக்காமல் இருப்பதே நல்லது.

மண்ணுக்கு ஏற்ற டயர்

"சேற்றுக்கு எம்.டி. டயர்தானே சார்?" என்பார்கள். எந்தச் சேறு என்பதைப் பொறுத்தது.

புதுக்கோட்டை, தருமபுரி போன்ற செம்மண் பகுதிகளில் மேலே ஓரிரு அங்குலம் வழுக்கும், அதற்குக் கீழே சரளையோ கெட்டி மண்ணோ இருக்கும். இங்கே குறுகலான டயர் நல்லது. அது மேல்சேற்றை வெட்டிக்கொண்டு போய்க் கெட்டித் தரையைப் பிடிக்கும். பழைய ஜீப்களில் வந்த 6.00-16 டயரைப் பார்த்து இன்று சிரிக்கிறார்கள். குச்சி மாதிரி இருந்த அந்த டயர்கள்தான் நம் செம்மண் பாதைகளிலும் மலைப்பாதைகளிலும் காலம் தள்ளின. அகலமான டயர் இதே இடத்தில் வழுக்கலின் மீது மிதந்து, பக்கவாட்டில் சறுக்கும். மலைச்சரிவில் அந்தச் சறுக்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பக்கத்துக் கரிசல் வேறு கதை. நீரை உறிஞ்சி உப்பும் களி அது. மழை பெய்த கரிசலில் குறுகலான டயர் கெட்டித் தரையைத் தேடிப் போனால், எட்டும் ஆழத்தில் அப்படியொன்று கிடைக்காது. அகலமான டயரின் இடுக்குகளில் களி அப்பிக்கொண்டு, நான்கே சுற்றில் பட்டன் எது, பள்ளம் எது என்று தெரியாமல் வழுவழு உருளையாகிவிடும். எம்.டி. டயரின் பெரிய பட்டன்கள் வேகமாகச் சுற்றும்போது சேற்றை உதறும். ஆனால், வேகமாகச் சுற்றினால் குழி பறிக்கும். ஈரக் கரிசலுக்கு ஏற்ற டயர் எது என்று என்னைக் கேட்டால், அன்றைக்கு வண்டியை எடுக்காமல் இருப்பதுதான் என்பேன். இரண்டு நாள் வெயில் அடித்ததும் போங்கள். கரிசல்காட்டுப் பெரியவர்களும் இதைத்தான் செய்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலில் முருங்கை, முந்திரி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய பட்டன் வைத்த டயரால் லாபமே இல்லை. மணலில் பட்டன் தோண்டும். சாதாரண டயரில் காற்றை இறக்கி, பிரேக் அடிக்காமல், ஒரே சீராகப் போவதுதான் அங்கே வழி.

இவை மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டி, மீதி தூரம் தார்ச்சாலையில் ஓடுகிறவர்தான் நம்மில் பெரும்பாலானவர். அவருக்கு ஏ.டி. எனப்படும் நடுத்தர டயர் போதும். எம்.டி. டயர் ஈரமான தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும், இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும். அளவைப் பொறுத்தவரை, கம்பெனி கொடுத்த விட்டத்திலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது என் அளவுகோல். மேலே சொன்ன 235/75 டயரே 4 சதவீதத்தைத் தாண்டுகிறது என்பதைக் கவனியுங்கள். அதே வண்டியின் உயர்ந்த மாடலுக்குக் கம்பெனியே பெரிய டயர் கொடுத்திருந்தால், அந்த அளவை விசாரித்துப் போடுவது பாதுகாப்பு.

வயலுக்குள் எதற்கு?

வண்டி மாட்டாமல் போய்வந்துவிட்டது என்பதோடு கதை முடிவதில்லை. மண்ணில் என்ன விட்டுவிட்டு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஈரமான மண்ணில் சக்கரம் ஏறும்போது மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றறைகள் நசுங்குகின்றன. தண்ணீர் இறங்கும் வழியும் வேர் மூச்சுவிடும் வழியும் அடைபடுகின்றன. அழுத்தத்தை அளக்கும் கருவியில் சதுர செ.மீ.க்கு 20 கிலோவைத் தொட்டுவிட்ட மண்ணில், பெரும்பாலான பயிர்களின் வேர் முன்னேறத் திணறும். அடுத்த மழையில் உங்கள் வயலைப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் கோடுகள் எல்லாம் சக்கரத் தடங்களாகத்தான் இருக்கும். நிலக்கடலையில் இது நேரடியாக மகசூலைத் தொடும். விழுது இறங்க மண் இளக்கமாக இருக்க வேண்டும். தடம் விழுந்த இடத்தில் விழுது இறங்காது, இறங்கிக் காய்த்தாலும் பிடுங்கும்போது காய் மண்ணிலேயே தங்கிவிடும்.

இரண்டு செய்திகளை மனதில் வையுங்கள். மேல்மண் இறுகுவதைத் தீர்மானிப்பது டயரின் காற்று. அடிமண் இறுகுவதைத் தீர்மானிப்பது ஆக்சிலின் மொத்தப் பாரம். ஆகவே, காற்றை இறக்கினால் மேல்மண் பிழைக்கும். பாரம் ஏற்றிய டிரெய்லர் அடியில் செய்யும் சேதத்தை எந்த டயரும் தடுக்காது. அடுத்தது, இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுகிறது. "ஒரே தடத்தில் போனால் அந்த இடம் கெட்டுவிடுமே, மாற்றி மாற்றிப் போவோம்" என்று நினைப்பது தவறு. மாற்றி மாற்றிப் போனால் வயல் முழுவதும் கெடும். கெடுகிற இடம் ஒன்றாகவே இருக்கட்டும்.

தென்னந்தோப்பில் இதைச் செய்வது சுலபம். 25 அடிக்கு 25 அடி, அதாவது 7.5 மீட்டர் இடைவெளியில் நட்டிருக்கிறீர்கள். உரம் இடும் வட்டப் பாத்தி மரத்திலிருந்து 1.8 மீட்டர் வரை. இரண்டு பக்கப் பாத்திகளையும் கழித்தால், நடுவில் 3.9 மீட்டர் மிஞ்சுகிறது. ஜீப்பின் அகலம் 1.8 மீட்டர்தான். இரண்டு வரிசைக்கு ஒரு பாதை என்று குறித்துவிட்டு, வண்டி அந்தப் பாதையை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டால், சத்தெடுக்கும் வேர்கள் நசுங்காமல் தப்பும். தேங்காய் ஏற்ற மரத்தடி வரை வண்டி போக வேண்டும் என்பது நம் சோம்பல். தள்ளுவண்டியில் இருபதடி கொண்டுவந்தால் ஆயிற்று.

வயலில் இறங்கலாமா கூடாதா என்று பார்க்க, உழவுப் பதம் பார்க்கத் தெரிந்தவருக்குக் கருவி எதுவும் தேவையில்லை. மேல்மண் காய்ந்திருக்கும், அதை நம்பாதீர்கள். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் திரி போல உருட்டுங்கள். தீக்குச்சிப் பருமனுக்கு ஒடியாமல் திரிந்தால், அந்த மண் இன்னும் பிசைந்த மாவு நிலையில் இருக்கிறது, சக்கரம் ஏறினால் இறுகும். உருட்டும்போதே உதிர்ந்தால் போகலாம். களியும் செம்மண்ணும் உள்ள இடங்களில் இது நன்றாகப் பேசும். மணலில் திரி வராது, அங்கே இந்தச் சோதனை வேண்டாம்.

ஏற்கெனவே இறுகிப்போன நிலம் இருந்தால் உளிக்கலப்பை உண்டு. 50 செ.மீ. இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்காகவும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு இடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. காய்ந்த நிலையில் உழ வேண்டும். ஈரத்தில் உழுதால் அடிமண் உடையாது, கத்தி போல் கீறிக்கொண்டு போகும். டிராக்டர் வாடகை, தொழுவுரம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு நடப்பது எவ்வளவு மலிவு என்று புரியும்.

இவ்வளவும் சொன்னபிறகும், உயர்த்தியே ஆக வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. பாறை துருத்தி நிற்கும் எஸ்டேட் பாதையில் தினமும் வண்டியின் வயிறு தட்டுகிறது, வேறு வழி கிடையாது என்பவர், முதலில் ஸ்பிரிங் பட்டைகளைப் பாருங்கள். பத்து வருடம் மூட்டை ஏற்றிய வண்டியில் பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகி, வண்டி சில அங்குலம் இறங்கியிருக்கும். சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, அதே மாடலின் புது வண்டியோடு ஒப்பிடுங்கள். புதுப் பட்டைக் கட்டு போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும், சட்டச் சிக்கலும் இல்லை. அடியில் பாதுகாப்புத் தகடு ஒன்றையும் பொருத்திக்கொண்டால், தட்டினாலும் ஆயில் சம்ப் உடையாது.

மற்றவர்களுக்கு, பாதைதான் மருந்து. தடம் விழுந்த பள்ளத்தில் உடைகல்லும் சரளையும் கொட்டி, நடு மேட்டை மண்வெட்டியால் செதுக்கிச் சமன் செய்யுங்கள். அதற்கு முன்பு தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் எடுங்கள். வடிகால் இல்லாத பாதையில் கொட்டும் சரளையை அடுத்த ஐப்பசி விழுங்கிவிடும். பக்கத்துத் தோட்டக்காரர்களும் அதே வழியில்தான் போகிறார்கள் என்றால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அண்ணன் தம்பி வழக்கு இருக்கும் பாதைகளில் இது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். டிராக்டர் மாட்டிக்கொண்ட நாளில் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

டயர் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. தோட்டத்து வண்டிகள் அதிகம் ஓடுவதில்லை. பட்டன் தேயும் முன்பே வெயிலில் ரப்பர் கெட்டுப்போய், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழும். காற்றை இறக்கி ஓட்டும்போது நெளிவது அந்தப் பக்கச்சுவர்தான். ஆகவே, கடையில் நெடுநாள் கிடந்த டயரைத் தள்ளுபடி விலையில் வாங்குவது லாபமல்ல. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். தெரிகிற பக்கத்தில் இல்லையென்றால் டயரைத் திருப்பிப் போடச் சொல்லி, நான்கு டயரிலும் அந்த எண்ணைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.